பனி விழாத முடிவு

23 ஏப்ரல் 2006, ஞாயிறு

படுத்தும் சிரிப்பு அடங்கவில்லை. எழுந்து வந்து எழுதுகிறேன்.

எங்கள் தமிழ்ச் சங்க ஆண்டுமலரின் ஆசிரியர் சிவநேசன் அண்ணை, என் சிறுகதையின் முடிவை மாற்றும்படி மாசி மாதத்திலிருந்தே நெருக்கிக்கொண்டிருந்தார். உயிர் தப்ப ஓடிவந்த நண்பனுக்குக் கதவைத் திறக்காத ஒருவனின் கதை அது.

"கடைசியிலை பனி கொட்டட்டும் தங்கச்சி. எல்லாம் வெள்ளையாகிடும். அவன்ரை பாவமும் போயிடும்."

"பனி மூடும் அண்ணை, கழுவாது" என்றேன். என் முடிவில் பனி உருகுகிறது. அவன் போய் அந்த நண்பனின் தாய் வீட்டுக் கதவைத் தட்டுகிறான்.

இன்று, நோர்வேயில் நாங்கள் வாழும் குரோருட்டில், எங்கள் குடியிருப்பின் வசந்தகாலத் துப்புரவுச் சிரமதானம். எல்லா வீட்டாரும் விளக்குமாற்றோடு இறங்கினோம். அடுத்த கட்டடத்தில், அண்ணையின் பல்கனிக்குக் கீழே குவிந்திருந்த பனி கரைந்துவிட்டிருந்தது. உள்ளேயிருந்து வெளிவந்தவை தேங்காய்ச் சிரட்டைகள். குளிருக்குள் குப்பைத்தொட்டி வரை நடக்கப் பஞ்சிப்பட்டு, மாரிக்காலம் முழுக்க மேலிருந்தே எறிந்திருக்கிறார். அந்தக் கட்டடத்தில் தேங்காய் திருவும் வீடு வேறில்லை.

நோர்வேஜியக் கிழவி ஒருத்தி ஒரு சிரட்டையைத் தூக்கிப் பார்த்து, இது என்ன என்று கேட்டாள். அண்ணை விளக்குமாற்றைக் கீழே வைத்தார். குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நான் ஒரு குப்பைப் பையை விரித்துப் பிடித்தேன்.

பை நிறைந்ததும், என் முகத்தைப் பாராமலே சொன்னார்: "கதை அப்பிடியே போகட்டும். ஒரு சொல்லிலையும் கை வைக்கமாட்டன்."

"ஓம் அண்ணை."

என் எழுத்துக்கு எத்தனையோ பேர் விமர்சனம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பை சிரட்டை பேசியதுபோல் எவரும் பேசவில்லை.