சும்மா போய்வர ஓர் ஊர்

மைனி,

பேத்தி ரேவதி என் முழங்காலுக்கு நீலகிரித் தைலம் தேய்க்கிறாள். மூடியைத் திறந்ததுமே நீங்கள் வந்துவிட்டீர்கள். தாராவியில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நாம் குடியிருந்த காலமெல்லாம் இந்தக் குப்பி உங்கள் இடுப்புச் செருகலில்தான் கிடக்கும். தலைவலிக்கும் அதுதான், சளிக்கும் அதுதான், அண்ணாச்சியோடு சண்டை என்றாலும் அதுதான். நீங்கள் போன பிறகு இந்த வாசனைப் பக்கமே நான் போகவில்லை. இவள் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஆச்சி, இந்த மரத்துக்கு சொந்த ஊரு நீலகிரி இல்ல, தெரியுமா? ஆஸ்திரேலியா. அங்கேருந்துதான் இங்க வந்துச்சு. நாம அதோட ஊருக்கே போலாம், சலோ."

சம்பளம் கூடிய நாளிலிருந்து இதே பேச்சுதான். அவளும் நானும் மட்டும் ஆஸ்திரேலியா போய் ஊர் பார்த்து வர வேண்டுமாம். போனை என் மூக்குக்கு முன்னால் நீட்டி ஒவ்வொரு படமாகத் தள்ளுகிறாள். நேற்றுவரை நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அலுப்பாக இருக்கிறது மைனி. செம்பூரில் இப்போது நாலாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது, அதற்குள் நிற்கவே அலுப்பாக இருக்கிறது. இத்தனை வருஷம் எத்தனை பேருக்கு ஆக்கிப் போட்டேனோ, அத்தனையும் இப்போதுதான் உடம்பில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

நேற்று அவள் தள்ளிய படம் ஒன்றில் என் கண் நின்றுவிட்டது. கடலுக்குள் பாறை பாறையாக நிற்குமே, அது. உங்கள் அரிசி டின்னுக்கு மேலே ஒட்டியிருந்த அதே பாறை.

அண்ணாச்சி விமான நிலையத்தில் பெட்டி தூக்கப் போன வருஷம் கொண்டுவந்த ஆஸ்திரேலியா காலண்டர் அது. வருஷம் முடிந்தும் அந்த ஒரு தாளை மட்டும் நீங்கள் கிழிக்கவில்லை. தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் குழாயடியில் குந்தியிருக்கும்போதுதான் ஒருநாள் சொன்னீர்கள்.

"ஏட்டி, நாம அங்க போவோம்."

"எதுக்கு மைனி? யாரு இருக்கா அங்க?"

"ஒருத்தரும் இல்ல. சும்மா."

அந்த வார்த்தையைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. நாம் எப்போது சும்மா ஓர் இடத்துக்குப் போயிருக்கிறோம்? ஊருக்கு ரயில் ஏறினால் சாவு, இல்லையென்றால் கல்யாணம், காதுகுத்து, யாருக்காவது பேறுகாலம், கோயிலுக்குக் கடன். காரணத்தை முடிந்துகொண்டுதான் வாசற்படி தாண்டுவோம். தாதரில் கடல் இருந்தது. அதைக்கூடப் பிள்ளைக்கு அம்மை இறங்கித் தலைக்கு ஊற்றிய பிறகு, காற்றுக்காகத்தான் போய்ப் பார்த்தோம்.

அன்றிலிருந்து தண்ணீர் வரும்வரை அதுவே நமக்குப் பேச்சு. போய் இறங்கியதும் முதலில் தூக்கம். யாரோ போட்ட டீ. அதைக் குடித்துவிட்டு மறுபடி தூக்கம். பிறகு கடலோரமாக ரயில். நம் சயான் ஸ்டேஷனில் ஸ்லோ வண்டிதான் நிற்கும். ஃபாஸ்ட் வண்டி நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நீங்கள் அங்கேயும் ஸ்லோதான் வேண்டும் என்றீர்கள்.

"எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கணும்ட்டி. எறங்கிப் பாத்துட்டு அடுத்த வண்டியப் பிடிப்போம். என்ன, பால்காரன் காத்துக்கிட்டா நிக்கான்?"

"ஏரோப்ளேன்லயும் ஸ்லோ உண்டா மைனி?"

"இல்லாமலா?"

ஜன்னலோரம் எனக்குத்தான் என்று நானும், உங்களுக்குத்தான் என்று நீங்களும் ஒருநாள் நிஜமாகவே சண்டை போட்டுக்கொண்டோம். போகும்போது உங்களுக்கு, வரும்போது எனக்கு என்று முடிந்தது. எனக்கு ஒன்றும் மறக்காது மைனி. என் இடியாப்ப உரலை வாங்கிக்கொண்டுபோய்ப் பிடியை உடைத்துக் கொடுத்ததும் மறக்கவில்லை.

அதெல்லாம் போகட்டும். உங்கள் மகள் கல்யாணமாகி அதே ஆஸ்திரேலியாவுக்குப் போனாள். அண்ணாச்சி தவறின மறுவருஷம் அவளுக்குப் பேறுகாலம். கோதுமை அரைக்கப் போன இடத்தில் மாவு மில்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. "உங்க மைனி நேத்து ப்ளேன் ஏறிட்டாவளே, உங்ககிட்ட சொல்லலியா?" ஒரே சுவர்! பெட்டி கட்டும் சத்தம்கூட எனக்குக் கேட்காமல் கட்டியிருக்கிறீர்கள். மாவு சூடாக இருந்தது. பையை இடுப்பில் வைத்தபடி எப்படி வீடு வந்தேன் என்று தெரியாது.

ஆறு மாதம் கழித்து வந்தீர்கள். சதைப் பிடிப்பே இல்லை, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. விமானத்தில் தூக்கம் இல்லை போல என்று நினைத்தேன். குழாயடியில் அத்தனை பொம்பளைகளும் இருக்கும்போது கேட்டேன். நான் கேட்டதில் தப்பில்லை, இன்றைக்கும் அப்படித்தான் கேட்பேன்.

"என்ன மைனி, ஆஸ்திரேலியா பூரா சுத்தி முடிச்சாச்சா? பாறை சொகமா இருக்கா?"

நீங்கள் குடத்தை இறக்கி வைத்தீர்கள்.

"பாத்தேன்ட்டி. ஒண்ணு விடாம பாத்தேன்."

"கங்காருவையும்?"

"அதுக்கு என் கையால ரொட்டி குடுத்தேன். நக்கி நக்கித் தின்னுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு நல்லது கெட்டதுக்கு மட்டும்தான் உங்கள் வாசலை மிதித்தேன். இரண்டாவது பேத்திக்கும் நீங்கள் போனீர்கள், வந்தீர்கள். நான் கேட்கவில்லை. உங்களைக் கிடத்தியிருந்த அன்றைக்கு வந்தேன், மூலையில் உட்கார்ந்து அழுதேன். முறைக்கு அழுதேன் என்று அப்போது நினைத்திருந்தேன்.

நேற்று ரேவதி இந்தப் பயணப் பேச்சை உங்கள் மகளுக்கும் சொல்லிவைத்திருக்கிறாள். அவளே போன் போட்டாள்.

"அத்தை, வாரியளாமே! ஓட்டல்லாம் எதுக்கு, நம்ம வீட்டுலயே இருங்க. ரெண்டு மாசம் சேத்து இருந்துட்டுப் போங்க. பிள்ளையளுக்கும் லீவு, நீங்க ஆக்கிப் போட்டா நானும் நிம்மதியா ஆபீஸ் போவேன்."

நான் அதற்குப் பதில் சொல்லாமல், "உங்க அம்மா எங்கெங்க போனான்னு சொல்லு, நானும் பாக்கேன்" என்றேன். உள்ளே கிடந்த வர்மம் கேட்கச் சொன்னது.



"அம்மா எங்கத்தை போனா? பிள்ளையக் குளிப்பாட்ட, பத்தியம் ஆக்க, துணி மடிக்கன்னு வீட்டுக்குள்ளயேதான் கெடந்தா. ரெண்டு தடவையும் அப்படித்தான். ஒரு ஞாயித்துக்கெழம, கடலுக்குள்ள பாறை நிக்குமே, அங்க கூட்டிட்டுப் போறேன்னு இவரு காரை எடுத்தாரு. அம்மா செருப்புகூட மாட்டிட்டா. பெறகு கழத்திட்டா. 'அது ரெண்டு பேரா பாக்கதுக்குப் பேசி வச்சது, நீங்க போங்க'ன்னு சொல்லிட்டுப் பிள்ளையத் தூக்கிட்டு உள்ள போயிட்டா. அப்பா நெனப்புல சொல்லுதான்னு நாங்க விட்டுட்டோம்."

போனை வைத்துவிட்டுக் கட்டிலிலேயே இருந்தேன். அழுகை வரவில்லை. இன்னும் அலுப்பாக இருந்தது. யாருடைய மூட்டையையோ நம்முடையது என்று கல்யாண் ஸ்டேஷன் வரைக்கும் தலையில் சுமந்து வந்து இறக்கினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. ஒரு வார்த்தை மைனி. "நான் பாக்கலட்டி" என்று ஒரே ஒரு வார்த்தை. கங்காருவுக்கு ரொட்டி கொடுக்கத் தெரிந்த வாய்க்கு அது வரவில்லை. உங்களுக்கு அப்படி ஒரு வீம்பு.

இன்றைக்குக் காலையில் ரேவதியிடம் வாரேன் என்றேன். அவள் துள்ளிக்கொண்டு தன் திட்டத்தை வாசித்தாள். நாலு ஊர், தினம் விடிவதற்குள் பஸ், மதியம் ஒரு மியூசியம், சாயந்திரம் படகு. "இது ஃபாஸ்ட் வண்டி, நான் ஏற மாட்டேன்" என்றேன். "அரே ஆச்சி, இதெல்லாம் பாக்காம வந்தா வேஸ்ட்" என்றாள். வேஸ்டாகவே இருக்கட்டும் என்றேன். முகம் சுண்டிப்போயிற்று, ஆனாலும் இரண்டு ஊரை அடித்துவிட்டாள். மீதி இரண்டிலும் காலை நேரத்தைக் காலியாக விட்டிருக்கிறாள்.

பிறகு செம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் டிக்கெட்டும் விசாவும் பார்த்துக் கொடுக்கும் ஆபீஸுக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடி போட்ட ஒரு மராத்திக்காரி. என்னைப் பார்த்ததுமே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"ஆஜி, கிஸ்கி டெலிவரி ஹை? பேட்டி கி, பஹு கி?"

மகளுக்குப் பேறுகாலமா, மருமகளுக்கா என்று கேட்கிறாள். என் வயதில் ஒருத்தி வேறு எதற்குப் போவாள்?

இந்தி எனக்கு எப்போதும் வாயில் தயாராக இருக்கும். மீன்காரியோடு அரை மணி நேரம் சண்டை போடுவேன். இன்றைக்கு வரவில்லை. "சும்மா" என்றேன்.

அவள் தலையாட்டிக்கொண்டே கம்ப்யூட்டரில் தட்டினாள். "சும்மா. அச்சா. சும்மா கோன் ஹை ஆப்கி? பேட்டி?"

ரேவதி மேஜைமேல் கவிழ்ந்து சிரித்தாள். சும்மா என்று எனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று அந்தப் பொம்பளை நினைத்துவிட்டாள் மைனி! சும்மாவின் வீட்டுக்காரர் பெயர் என்ன, சும்மா எந்தத் தெருவில் இருக்கிறாள் என்றெல்லாம் கேட்டாள். "கோயி நஹி ஹை, ஆஜி கூம்னே ஜாத்தி ஹை" என்று, யாரும் இல்லை, சுற்றிப் பார்க்கத்தான் போகிறாள் என்று ரேவதி சொன்ன பிறகும் நம்பாமல் என்னைப் பார்த்தாள். "சிர்ஃப் கூம்னே?" என்றாள், சுற்றிப் பார்க்க மட்டுமா என்று. பிறகு தன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, தன் அம்மா ரத்னாகிரியிலிருந்து பம்பாய் வந்தவள், கேட்வே ஆஃப் இந்தியாவைக்கூடப் பார்த்ததில்லை என்று தானாகவே சொன்னாள். டீ வரவழைத்தாள்.

யாரோ போட்ட டீ. உட்கார்ந்து குடித்தேன்.

வீட்டுக்கு வந்து உங்கள் மகளுக்கு நானே போன் போட்டேன். "பாப்பா, ஒரு நாளு சாப்பிட வாரேன். நீ ஆக்கிப் போடு. தங்க மாட்டேன். உங்க அம்மா ரெண்டு தடவை வந்து உன் வீட்டுச் சுவரைப் பாத்துட்டுப் போயிருக்கா, அது போதும்" என்றேன். அவள் அழுதாள். அழட்டும். நீங்கள் கேட்டிருக்க வேண்டியதை நான் கேட்டேன்.

அந்தப் பாறையை உங்கள் கண்ணுக்காகவும் பார்த்து வருவேன் என்றெல்லாம் எழுத மாட்டேன். இருப்பது பாதிப் பார்வை, அது எனக்கே போதாது. போகிற வழியில் ஜன்னலோரத்தில் நான்தான் உட்காருவேன். வேண்டாத சாமானையெல்லாம் விட்டுவிட்டு வாங்க ஆச்சி, எடை கூடும் என்று ரேவதி சொல்கிறாள். சேலை நாலு, மாத்திரை, ஒரு கம்பளி. உங்கள்மேல் உள்ள கோபத்தை விட்டுப்போக இங்கே எனக்கு நம்பிக்கையான ஆள் யாரும் இல்லை, மைனி. அதையும் கூடவே கொண்டுபோகிறேன்.