நீ அனுப்பாத படம்

என் சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம். நீ சுகமாக இருக்கும்போதே இது உன் கைக்கு வந்து சேர வேண்டும். கொண்டுவருபவள் உனக்கு அந்த அறையைப் பிடித்துக் கொடுத்த நர்ஸ் அக்காதான். உன் விலாசமும் புது எண்ணும் எனக்கு வேண்டாம் என்று நான்தானே சொன்னேன்? தெரியாததை யாரும் என் வாயிலிருந்து பிடுங்க முடியாது என்ற தைரியம். காலையிலிருந்து அவள் கூப்பிட்டும் உன் போன் அணைந்தே கிடக்கிறது. வேலை நேரம் என்கிறாள். அப்படியே இருக்கட்டும்.

இன்று காலை ஆறு மணிக்கு வழக்கம்போல், நீ அனுப்பும் படங்களைக் காட்டும் அந்தப் படச்சட்டத்தில் படம் மாறியது. மொட்டைமாடி, கொடியில் துணி, முதுகு காட்டி நிற்கும் நீ. பின்னல் இடுப்புவரை வந்துவிட்டதே என்று பூரித்துப்போனேன். டீ தம்ளரை வாயருகே கொண்டுபோன பிறகுதான் உறைத்தது. தன் முதுகைத் தானே யார் படம் எடுப்பார்கள்? அதுவும் எதிர்வீட்டு மாடியிலிருந்து?

அந்தச் சட்டத்தை மாப்பிள்ளையும் நானும் சேர்ந்து செய்தது உனக்கு நினைவிருக்கும். ரேடியோ கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் ஈயம் பற்றவைத்த கை என்னுடையது. உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டரையும் காகிதம் போன்ற அந்தத் திரையையும் ஒயரால் இணைத்து, மரச்சட்டத்துக்குள் உட்கார வைத்தது நான். இணையத்திலிருந்து படத்தை எடுத்துப் போடும் புரோகிராம் அவர் எழுதியது. "பாஸ்வேர்டெல்லாம் உங்களுக்கு எதுக்கு அத்தை, நான் பாத்துக்கறேன்" என்று சிரித்தார். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவருக்குத் தெரியாமல் நீ ஒளிந்திருக்கும் இந்த ஏழு மாதமாக எனக்கென்று அனுப்பிய ஜன்னல், தெருமுனை, கீழ்வீட்டுத் தையல்கடைப் பலகை, எல்லாவற்றையும். இப்போது அவர் எடுத்த படத்தையும் அதிலேயே போட்டிருக்கிறார்.

பிளக்கைப் பிடுங்கினேன். படம் போகவில்லை. அந்தத் திரை அப்படித்தான், கரண்டு போனாலும் கடைசிப் படம் நிற்கும். துண்டில் சுற்றிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன். அங்கிருந்த பெண் ஏட்டு, "பொண்ணு துணி காயப்போடுது, இதுல என்னம்மா இருக்கு?" என்றாள். "எடுத்தது யாருன்னு பாருங்கம்மா" என்றேன். மாப்பிள்ளையைப் பற்றி எல்லாம் சொன்னேன். பிறகு படச்சட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "முதல்ல பொண்ண அந்த வீட்டுலேர்ந்து கிளப்புங்க. நேரா இங்க வந்து எழுதிக் குடுக்கட்டும்" என்றாள். நர்ஸ் அக்காவிடம் விலாசம் வாங்கி உன் ஊர் ஸ்டேஷனுக்கும் சொல்கிறார்களாம்.

எதுவும் தெரியாதவள் போல மாப்பிள்ளையின் ஆபீசுக்குப் போன் செய்தேன். மூன்று நாளாக அவர் வேலைக்கு வரவில்லையாம்.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பெரிய அதிகாரி வரும்வரை என்னைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள், இல்லாவிட்டால் நானே வந்திருப்பேன். நர்ஸ் அக்கா பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நிற்கிறாள். அவசரத்தில் எழுத்து கோணல்.

துணிமணி எதையும் எடுக்காதே. மாடிக்குப் போகாதே. தெரிந்த குரல் கூப்பிட்டாலும் கதவைத் திறக்காதே. நர்ஸ் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடு.

போன வருடம் வீங்கிய கன்னத்தோடு என் முன்னால் வந்து நின்றாய். "ஆம்பளைன்னா கோவம் வரும், கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்று நானே ஆட்டோ பிடித்து உன்னைத் திருப்பி அனுப்பினேன். அதே வாய்தான் இப்போது கேட்கிறது. வந்துவிடு கண்ணே. இனி யார் வந்து அழைத்தாலும் அனுப்பமாட்டேன்.

நீ வரும் வழியையே பார்த்திருக்கும்
அம்மா