புலிக்குச் செய்த கூண்டு

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இரண்டாம் வகுப்பில் சாபிரா என்றொரு பெண் ஒருமுறை கேட்டாள்: “உக்காரு உக்காருன்னு சொல்றீங்க டீச்சர், எப்போ எய்ந்துக்கலாம்னு சொல்லவே மாட்டேன்றீங்களே?” கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். முப்பது வருடம் கழித்து இன்று மாலை அது நினைவுக்கு வந்தது. கூண்டுக் கம்பியைக் கடித்துக் கடித்து, மூக்கில் ரத்தத்தோடு நின்றது எங்கள் நாய் சைரன்.

செவ்வாயும் வெள்ளியும் இவருக்கு, என் கணவருக்கு, டயாலிசிஸ். போக வர ஆறு மணி நேரம். ஆறு மணி நேரமும் நாய் ஊளையிடுகிறது. அவிழ்த்துவிட்டால் கதவைப் பிறாண்டுகிறது. போன மாதம் பால்கனியிலிருந்து குதிக்கப் பார்த்தது. அதற்காகத்தான் கூண்டு.

கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரி செல்லக்கனி படிக்கட்டிலேயே நிறுத்திவிட்டாள். “கோவப்படாதிய டீச்சர். மகிமா பரீட்சைக்குப் படிக்கா. இந்த மாசம் முடியதுக்குள்ள நாய் அடங்கணும். இல்லன்னா எங்கயாவது குடுத்துருங்க.”

மகளுக்காகக் கேட்கிறாள், நியாயம்தான். ஆனால் இவரிடம் எப்படிச் சொல்வது? சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லாரிக்கு அடியிலிருந்து அதைத் தூக்கி வந்தவர் இவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். முதல் நாள் அது போட்ட ஊளையைக் கேட்டு சைரன் என்று பேர் வைத்தவரும் இவரே. “ஊசியக் குத்திப் படுக்க வெச்சிக்கினு கீறாங்களே, அந்த நேரம் பூரா அதத்தான் நெனச்சிக்கினு கீறேன், டீச்சரம்மா” என்கிறார்.

ஆகஸ்ட் 6

கூண்டுக்குள் அரை நிமிடம் இருந்தது. அதுவும் பொறை பிஸ்கட்டுக்காக.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தப்புச் செய்துவிட்டேன்.

கிளம்பும் நேரத்தில் ரிப்போர்ட் ஃபைலைக் கிழித்துப் போட்டிருந்தது. கீழே ஆட்டோ நிற்கிறது. நான் கத்தி, கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்து, உள்ளே தள்ளிப் பூட்டினேன். ஒரு பிள்ளையை ஒரு மூலையில் நிற்கவைத்தால், அப்புறம் வருடம் முழுக்க அந்த மூலைப் பக்கமே போகாது. புதிதாக வந்த டீச்சர்களுக்கெல்லாம் இதைச் சொன்னவள் நான். இன்னிக்கு எங்க போச்சு அந்த அறிவு?

மெஷின் ஓடும்போது “இன்னும் எவ்ளோ நேரம் யசோ?” என்று நான்கு முறை கேட்டார். ஐந்தாம் முறை நான்தான் எரிந்து விழுந்தேன். அலுப்பு. வேறொன்றுமில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இவருடைய தோஸ்து நீலமேகம் வந்தார். சாத்தாங்காட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். கூண்டு அவர் செய்ததுதான். தடித்த கம்பி, தரைக்குக் கனத்த தகடு. இந்தப் பக்கத்தில் எதற்கும் இரும்புதான். வேறு யோசனை எங்களுக்கு வரவேயில்லை. “புலியப் போட்டாக்கூட அசையாது மாமு” என்று அன்றைக்கே பெருமைப்பட்டார். இன்று தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை ஓங்கிச் சாத்தினார். சைரன் கட்டிலுக்கடியில் ஒண்டிக்கொண்டு மூத்திரம் விட்டுவிட்டது.

இவர் மெதுவாகச் சொன்னார்: “அய்ய, மார்க்கெட்டு சத்தம் அது. லாரிலேர்ந்து பிளேட்ட எறக்கும்போது இப்டித்தான் பூந்துக்கினு நடுங்கும்.”

மூன்று பேரும் கூண்டைப் பார்த்தோம். எந்தச் சத்தத்திலிருந்து தூக்கி வந்தோமோ, அதையே வீடாகக் கட்டி அதற்குள் அடைத்திருக்கிறோம்.

நீலமேகம் தலையைச் சொறிந்தார். “பேஜாராப் பூட்ச்சே. நெஜமாவே புலிக்குத்தான் செஞ்சிகீறேன்.”

ஆகஸ்ட் 11

மீன் விற்கும் குப்பம்மாவிடம் பழைய வலை கேட்டேன். “இன்னாத்துக்கு டீச்சர், நாய்க்கு மீன் புடிக்கக் கத்துக் குடுக்கப் போறியா?” ஒரு மூட்டையே கொடுத்தாள். மடித்துத் தகட்டின் மேல் நான்கு அடுக்காகப் போட்டு, மேலே சாக்கு தைத்தேன். கதவு ஓரத்திலும் தாழ்ப்பாளிலும் நீலமேகம் சைக்கிள் ட்யூப் சுற்றிக் கொடுத்தார். இப்போது மூடினால் புத்தகம் மூடுகிற சத்தம்தான். வீடெல்லாம் மீன் நாற்றம். கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். இவருக்கு ஆஸ்பத்திரி நாளில் குப்பம்மா வந்து உட்காருகிறேன் என்றிருக்கிறாள்.

ஆகஸ்ட் 13

உள்ளே போய் மோந்து பார்த்தது. யாரும் கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

கூண்டை மூடி, ஒன்று எண்ணித் திறந்தேன். பிறகு பத்து. பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து முந்நூறு. விரல் விட்டு எண்ணத் தெரியாத பிள்ளைக்குப் பெருக்கல் வாய்ப்பாடு கொடுத்தால் அழத்தானே செய்யும். நான் முதல் நாளே ஆறு மணி நேரத்தைக் கொடுத்தேன்.

முழங்கால் போகிறது. ஏறு, இறங்கு, ஏறு. சாபிராவுக்கு இதுதான் பதில் போலிருக்கிறது: எப்போது என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. திரும்பத் திரும்ப வந்து காட்டத்தான் முடியும்.

ஆகஸ்ட் 24

தெருமுனையில் கண்டெய்னர் லாரி டயர் வெடித்தது. எல்லாம் போச்சு. மறுபடி பத்திலிருந்து.

ஆகஸ்ட் 29, வெள்ளி

குப்பம்மாவை வரச் சொல்லவில்லை. முழு ஆறு மணி நேரம். திரும்பும்போது படிக்கட்டடியில் செல்லக்கனி நின்றிருந்தாள்.

“எப்ப டீச்சர் நாயக் குடுத்திய? ஒரு வார்த்த சொல்லல?”

இவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், இருமல் வரும்வரை. மேலே, கூண்டில், சாக்கின் மேல் சுருண்டு கிடந்தது சைரன். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது.

செப்டம்பர் 3, புதன்

ஆஸ்பத்திரி பெஞ்சில் எழுதுகிறேன். நேற்று இவருக்கு மூச்சு வாங்கியது, சேர்த்துக்கொண்டார்கள். எத்தனை நாள் என்று டாக்டருக்கே தெரியவில்லை. மருந்து வாங்கப் போகும்போதெல்லாம் சொல்லிவிட்டுப் போகிறேன். வந்ததும் கையைத் தொடுகிறேன். நேரம் கேட்பதை நிறுத்திவிட்டார்.

வீட்டுச் சாவி செல்லக்கனியிடம் இருக்கிறது. நான் கேட்கவில்லை, அவளேதான் கையை நீட்டினாள். “நாய நான் பாத்துக்கிடுதேன். ஆனா எனக்குப் பயமா இருக்கு டீச்சர். என்ன செய்யணும்னு எழுதிக் குடுத்துருங்க.”

ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டு, இதை மட்டும் அனுப்பினேன்: கூண்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, பக்கத்தில் தரையில் உட்காருங்கள், கூப்பிட வேண்டாம், அதுவாக வரும்.