கடைமடைக்கு ஒரு மணி நேரம்

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

நீ போய்ச் சேந்து எட்டு மாசம் ஆகுது. பாபநாசம் அணையில தண்ணி திறந்து நம்ம வாய்க்காலுக்கும் வந்தாச்சு. உன் வாழை குலை தள்ளுத பருவம். வீட்டுல எல்லாரும் சௌக்கியம், மதினிக்குத்தான் கால்வலி. நீ இருக்கும்போது நாம பேசிக்கிடாத மூணு வருசத்துக்கும் சேர்த்து இப்பப் பேசுதேன், கேட்டுக்கோ.

நம்ம சண்டை ஊருக்கே தெரியும். வாய்க்கால்ல ஆளுக்கு நாலு மணி நேரம் முறை. முறை பாக்குதவன் நான். மடையத் திறந்ததும் மணி பாப்பேன். நாலு மணி நேரம் ஆச்சுன்னா அடுத்தவனுக்குத் திருப்பிருவேன். உன் வயல் கடைசி. தண்ணி அங்கன வந்து சேரவே ஒரு மணி நேரம் ஆகும். "வயல்ல தண்ணி ஏறுனதுல இருந்து எண்ணுலே"ன்னு நீ கேட்ட. "அண்ணனுக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா?"ன்னு நான் எகிறுனேன். கூடப்பிறந்தவனுக்கே விட்டுக்கொடுக்காத நியாயஸ்தன்னு ஊரு என்னய மெச்சுச்சு. எனக்கும் அது இனிச்சுது அண்ணே, பொய் சொல்லமாட்டேன்.

போன மாசம் மதினிக்கு முடியலன்னு உன் வயலுக்கு நானே மம்பட்டியத் தூக்கிட்டுப் போனேன். மடையில பக்கத்து வயல்காரன் முருகன நிறுத்தியிருந்தேன். பாதி வயல் நனையுமுன்ன தண்ணி நின்னுபோச்சு. போன் போட்டேன்.

"ஏலே, இன்னும் பத்துப் பாத்தி காஞ்சு கிடக்கு. கொஞ்சம் பொறுத்து அடைச்சா என்ன?"

"மணி ஆயிட்டே அண்ணாச்சி. நீங்க போட்ட சட்டம்தான?"

அவன் கிண்டலாக்கூடச் சொல்லல. அதுதான் சுட்டுது.

அன்னைக்கிருந்து எனக்குள்ள ரெண்டு ஆறுமுகம். ஒருத்தன் யாருக்கும் கூடக்குறைய விடாதவன். இன்னொருத்தன் அண்ணன் வயித்துல அடிச்சவன். இதுல எது நான்? முதலாமவன்னா சட்டம் சரி, உன் வாழை காயட்டும். ரெண்டாமவன்னா இத்தனை வருசமும் வேசம்; முறை பாக்குதத விட்டுட்டு வீட்டுல முடங்க வேண்டியதுதான். நாலு நாள் இதயே போட்டு உழப்புனேன். அந்த நாலு நாளும் உன் வாழைய நான் நினைக்கவே இல்ல, பாரேன். பூராவும் என்னயப் பத்தியே!

அஞ்சாம் நாள் பாளையங்கோட்டைக்கு பஸ்ல போகையில, சரி, ரெண்டும் நான்தான்னு விட்டுட்டேன். நியாயமாவும் நடந்தேன், அநியாயமும் பண்ணுனேன், இருந்துட்டுப் போகட்டும். பேரக் காப்பாத்துத வேலை இல்லன்னு ஆனதும் புத்தி தன்னால தண்ணிப் பக்கம் திரும்பிச்சு. சட்டத்தத் தூக்கிப் போடவும் வேண்டாம், அப்படியே கட்டிக்கிட்டு அழவும் வேண்டாம். மணிய எங்கன இருந்து எண்ணுததுங்கத மட்டும் மாத்துனாப் போதும். அட, அன்னைக்கே நீ சொன்னது இதுதான! நான் நியாயஸ்தன் மட்டுந்தான்னு நினைச்சிருந்தவரைக்கும் அது என் காதுல ஏறல.

இனிமே வயல்ல தண்ணி ஏறுனதுல இருந்து எண்ணுவோம்னு ஊர்க்கூட்டத்துல சொன்னேன். "அப்போ இத்தன நாளும் நீரு நியாயஸ்தன் இல்லையா வே?"ன்னு ஒருத்தர் சிரிச்சாரு. "நியாயஸ்தன்தான் வே. தப்பும் பண்ணிட்டேன்"னேன். அந்த ஒரு மணி நேரத்த யார் முறையில எடுக்கன்னு முணுமுணுப்பு கிளம்புச்சு. என் முறையிலயே கழிச்சுக்கிடுங்கன்னேன். அடங்கிட்டாங்க.

பெருமையா மதினிகிட்ட போய்ச் சொன்னேன்.

"இத அவுக இருக்கையில செஞ்சிருக்கலாம்லா தம்பி?"

காலு வலிக்கு என்னமோ தைலம் நல்லதுன்னு உளறிட்டு வந்துட்டேன். நீ இருந்திருந்தா என்னலே இதுன்னு திட்டியிருப்பியா, இல்ல சிரிச்சிருப்பியா?

வெள்ளிக்கிழமை உன் முறை. நான்தான் நிப்பேன், கடைசிப் பாத்தி நனையாமக் கரையேற மாட்டேன். அப்படியே மதினி முன்னால போய் நின்னு, சாக்கு ஒண்ணும் சொல்லாம, "ஆமா மதினி, செஞ்சிருக்கலாம்"னு சொல்லிருதேன்.

மூணு வருசம் உன்கூடப் பேசாம இருந்த
உன் தம்பி,
ஆறுமுகம்