மெர்போக் கூவாத பதினொரு நாள்

முருகன் துணை

குனோங் ராபாட், ஈப்போ
1928 ஜூன் 20

செல்வ மகள் நவமணிக்கு உன் அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் முருகன் தயவில் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரன்கள் இரண்டு பேரும் அதேபோல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். சின்னவனுக்கு இன்னும் சளி விடவில்லை என்று எழுதியிருந்தாய், சிங்கப்பூர்க் கடல் காற்று அப்படித்தான், சாயங்காலம் அவனை வெளியே தூக்கிப் போகாதே, கற்பூரவல்லி இலையை வாட்டிச் சாறு எடுத்து ஒரு சொட்டுத் தேனில் நாக்கில் தடவு. மாப்பிள்ளையுடைய தாயார் வேறு ஏதாவது சொல்லுவார், கேட்டுக்கொண்டு இதைச் செய். உன் கல்யாணத்தில் என் தங்கையைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்ட அம்மாள்தானே அவர், நான் மறக்கவில்லை, அது இருக்கட்டும். எழுத்துப் பிழை இருந்தால் மாப்பிள்ளையிடம் காட்டிச் சிரிக்காதே, லூயிஸ் சம்சாரம் குழந்தையம்மாள் புண்ணியவதி உயிரோடு இருந்த நாளில் சொல்லிக்கொடுத்த எழுத்துதான், அதற்கு மேல் நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

உன் அப்பா ரயில் பாதையில் கூலிகளை மேய்க்கிற மண்டோர் வேலையை விட்டு வந்ததிலிருந்து புறா, புறா, புறாதான். அவரும், ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கிற டிரஸராக இருந்து நின்றுவிட்ட லூயிஸும், நம் பழைய ரப்பர்த் தோட்டத்துக் கங்காணி சன்னாசியும், மூன்று கிழங்களும் ஆளுக்கொரு மெர்போக் புறா வைத்துக்கொண்டு அடிக்கிற கூத்தைச் சொல்லி முடியாது. விடிந்தும் விடியாமலும் மலை அடிவாரத்து வெளியில் போய் மூங்கில் கம்பங்களில் கூண்டுகளை ஏற்றிவிட்டுக் கீழே பலகை போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். முதல் பறவை கூவுகிற வரைக்கும் யாரும் வாய் திறக்கக்கூடாது, இருமல் வந்தால்கூடத் தூரப் போய் இருமிவிட்டு வரவேண்டும். அதற்குப் பிறகு பேச்சுத்தான். தினை வாங்க உன் அப்பா ஈப்போ டவுன் வரைக்கும் நடந்து போய்ச் சீனன் கடையில் பழைய தினையை வாங்கி வந்துவிட்டார் என்று லூயிஸ் இரண்டு நாள் முணுமுணுத்தார். லூயிஸ் பறவையின் எச்சத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்து நோய் சொல்லுகிறார் என்று சன்னாசி, "டிரஸரே, அதுக்கு ஒரு மருந்துச் சீட்டு எழுதிக் குடுங்கலா, நா போயி க்யூவுல நிக்கிறேன்" என்று கிண்டல் பண்ணுவாராம். இதையெல்லாம் உன் அப்பா வந்து என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், நான் சிரிக்கமாட்டேன், சன்னாசி பேர் வந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். ஆனாலும் நவமணி, அந்தப் பறவைகள் கூவுகிறதை வாசலில் நின்றபடி நானும் கேட்பது உண்டு. மலை முழுக்கப் பனி மூடியிருக்கும், சுண்ணாம்புப் பாறை எங்கே முடிகிறது மேகம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது, அதற்குள்ளிருந்து ஒன்று கூவும், கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது, பிறகு இன்னொன்று பதில் சொல்லும், அந்தப் பதிலைப் பாறை வாங்கி மெதுவாகத் திருப்பித் தரும். கையில் துடைப்பம் இருப்பதே மறந்துபோகும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் சன்னாசி குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தார், இனி நடக்கமாட்டார். அவர் கூண்டும் வெளிக்கு வருவது நின்றது. மெர்போக் சும்மா கூவாதாம், எதிரே தனக்குச் சமமாய் ஒன்று கூவினால்தான் கூவுமாம். லூயிஸ் பறவை குஞ்சு, அதன் குரல் நம் பறவைக்கு ஒரு பொருட்டே இல்லை. முதலில் குரல் குறைந்தது, பிறகு பதினொரு நாள் ஒரு சத்தம் இல்லை. உன் அப்பா கம்பத்தின் கீழே உச்சி வெயில் வரைக்கும் அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சோற்றில் கை வைத்துவிட்டு எங்கேயோ பார்ப்பார், கையைக் கழுவிவிடுவார். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்துவிட்டது. நம் கூண்டைச் சன்னாசி வீட்டுக்கே கொண்டுபோய் மாட்டிப் பார்த்தார், அங்கே பக்கத்தில் ஈய மண் கழுவுகிற இரைச்சல், இரண்டு பறவையும் சிறகை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. அப்படியென்றால் அந்தக் கூண்டை இங்கே எடுத்து வருவதுதானே என்று நீ கேட்பாய். அதற்கு இந்தக் கிழங்கள் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள், பறவை வளர்க்கிறவன் இன்னொருவன் கூண்டைத் தூக்கினால் அந்தப் பறவைக்குத் தொண்டை கட்டிப்போகுமாம், பறவை வளர்க்காத கைதான் தூக்க வேண்டுமாம். சன்னாசி மகன் ஈயச் சுரங்கத்தில் தங்கி வேலை செய்கிறான், மாதம் ஒரு தரம்தான் வருவான். மருமகள் இருளாயிக்கு நிறைமாதம். லூயிஸ் வீட்டில் குழந்தையம்மாள் போன பிறகு யார் இருக்கிறார்கள். மிச்சம் இருப்பது என் கை ஒன்றுதான். உன் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று உனக்குத் தெரியும், சன்னாசி நம் வாசலுக்கு வந்தால் தண்ணீர்கூட என் கையால் கொடுக்கமாட்டேன், அவர் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று பத்தொன்பது வருஷமாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறவள் நான். கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். கேட்காமல் இப்படி இளைத்துக்கொண்டு போகிறவரை நான் என்ன செய்வது.

பன்னிரண்டாம் நாள் காலையில் நானே கிளம்பிவிட்டேன். சீனர்களுடைய கீரைத் தோட்டம் வழியாக நடந்தேன், பனி இன்னும் விலகவில்லை, வாய்க்கால் தண்ணீரில் மலை தலைகீழாகக் கிடந்தது, என் கால் தரையில் படுகிற மாதிரியே இல்லை, யாரோ நடக்கிறாள் நான் பார்த்துக்கொண்டு போகிறேன் என்பதுபோல் இருந்தது. சன்னாசி கட்டிலில் கிடந்தார். தோட்டத்தில் எத்தனை பேரை நடுங்கவைத்த ஆள், போர்வைக்குள்ளே ஒரு கைப்பிடி எலும்பு. "யாரு, அப்பாவு வீட்டுத் தங்கச்சியா, வாம்மா, உக்காரு" என்று உன் அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். உட்கார வரவில்லை, கூண்டை எடுக்க வந்தேன் என்றேன். கூண்டையும் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் வாசல் தாண்டக் கால் வரவில்லை நவமணி, திரும்பிக் கேட்டுவிட்டேன், அன்றைக்கு என் பாலை ஏன் மண்ணில் கொட்டினீர்கள் என்று.

அவர் விழித்தார். "எந்தப் பாலு? நெனப்பு இல்லையேம்மா" என்றார். நான் ஒரு நாள் விடாமல் சுமந்துகொண்டிருந்ததை இந்த மனுஷன் கொட்டின இடத்திலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். நின்றபடியே சொன்னேன். ஐப்பசி மாதம், விடிவதற்கு முன்னால் மழை பெய்து விட்டது, ரப்பர்ப் பால் வடிகிற மங்கில் எல்லாம் மழைத் தண்ணீர் நின்றது, நான் ஒவ்வொரு மங்கையும் கவிழ்த்து முந்தானையால் துடைத்துத்தான் பாலுக்கு மரம் வெட்டினேன், ஆயா கொட்டகையிலிருந்து பதினொரு மாதப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பால் நிறுக்க வந்தேன், நீங்கள் வாளியில் விரலை விட்டுப் பார்த்து இவள் தண்ணீர் கலந்திருக்கிறாள் என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லி வாளியைக் காலால் கவிழ்த்தீர்கள், செம்மண்ணில் வெள்ளையாய் என் காலடி வரைக்கும் ஓடிவந்தது, அதைப் பார்த்து என் பிள்ளை கையைத் தட்டிச் சிரித்தாள். அது நீதான். அந்த வாரமே உன் அப்பா தோட்டத்தை விட்டு ரயில் வேலைக்குப் போனார்.

மறுத்துப் பேசுவார் என்று பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "நீ சொன்னா நடந்திருக்கும். ஒனக்கு மறதி கெடையாதுன்னு அப்பாவு சொல்லுவான்" என்றார். கண்ணைத் திறந்து, "வேற யாருக்கெல்லாம் பண்ணேன் தங்கச்சி? படுத்தே கெடக்குறேன், நெனச்சு நெனச்சுப் பாக்குறேன், ஒன்னும் வர மாட்டேங்குது. வெறும் ஆளா எப்படிப் போறது, போற எடத்துல கேட்டா என்னத்தச் சொல்றது?" என்று கேட்டார். நான் ராக்காயியைச் சொன்னேன், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கெஞ்சியும் வெட்டுகிற மர நிரையை விட்டு அனுப்பாத நாளைச் சொன்னேன். சதாசிவத்தைச் சொன்னேன், விடியற்காலைப் பிரட்டில் எல்லார் முன்னாலும் மண்டி போட வைத்ததைச் சொன்னேன். ஒவ்வொரு பேரையும் நான் சொல்ல அவர் திரும்பச் சொன்னார், அந்தக் காலத்தில் பிரட்டில் நின்று பேர் கூப்பிடுவாரே, அதே குரல்தான், ஆனால் அன்றைக்கு நாங்கள் பயந்து பதில் சொன்னோம், இப்போது பதில் சொல்ல யாரும் இல்லை. கடைசியில், "முத்தம்மா" என்று என் பேரையும் சொன்னார். மன்னித்துக்கொள் என்று அவர் கேட்கவில்லை, நானும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கூண்டின்மேல் முந்தானையைப் போர்த்திக்கொண்டு வந்துவிட்டேன்.

வெளியில் கூண்டோடு நான் வருவதைப் பார்த்து உன் அப்பா எழுந்து நின்றார், கம்பத்தை இறக்கிக் கொடுத்தார், நானே மாட்டினேன். அன்றைக்குச் சத்தம் இல்லை. மறுநாள் பனிக்குள்ளே சன்னாசி பறவைதான் முதலில் கூவியது, நம்முடையது எவ்வளவு நேரம் யோசித்தது தெரியுமா, பிறகு ஒரு குரல் விட்டது பார், லூயிஸ் எழுந்து சிலுவை போட்டுக்கொண்டார். உன் அப்பா அன்றைக்கு இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கினார். ஆகவே அவருக்காக நீ கவலைப்பட வேண்டாம்.

இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் நான் சன்னாசி வீட்டுக்குப் போகிறேன். பறவை எப்படிக் கூவியது என்று கேட்பார், சொல்லுவேன். அதற்குப் பிறகு ஒரு பேர் சொல்லுவேன். ஒரு நாளைக்கு ஒரு பேருக்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. நேற்று நல்லம்மாளைச் சொன்னேன், சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், இருளாயி கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள், நான் எழுந்து வந்துவிட்டேன். இந்த வயதில் இடுப்பு ஒடிந்தவர்கள் தீபாவளி பார்ப்பது கஷ்டம் என்று லூயிஸ் ஆஸ்பத்திரி ஆள் மாதிரிச் சொல்லுகிறார். எனக்கோ இன்னும் பாதிப் பேர்கூட ஆகவில்லை. அதனால் போன வெள்ளிக்கிழமை குனோங் சீரோ கோயிலுக்குப் போய்ச் சன்னாசி பேருக்கு ஆயுசு கேட்டு ஒரு அர்ச்சனை செய்தேன். பூசாரி உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார், ஒரு உறவும் இல்லை, செய்யுங்கள் என்றேன். அம்மா மனசு இளகிவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் அந்த ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும். சின்னவன் நெற்றியில் என் பேரைச் சொல்லித் திருநீறு பூசு. பதில் எழுதும்போது அர்ச்சனை சங்கதியை மட்டும் எழுதிவிடாதே, உன் கடிதத்தை உன் அப்பா கம்பத்தின் கீழே உட்கார்ந்து லூயிஸுக்கு உரக்கப் படித்துக் காட்டுவார்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
முத்தம்மா