இறந்தகாலப் பாடம்

பிஸ்கட்டவே,
நவம்பர் 1997

என் தங்கச்சிக்கு,

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. நான் சுகம்தான். நேற்று நடந்ததை மடத்தில் மற்ற சிஸ்டர்களிடம் சொல்ல வாய் வரவில்லை.

கம்பெனி வேலைக்கு வந்திருக்கும் ஜப்பான்காரர்களின் மனைவிமாருக்கு நான் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன் இல்லையா? நேற்று வகுப்பில், போன வாரம் நடந்ததை ஆளுக்கொரு வாக்கியமாகச் சொல்லச் சொன்னேன். கொஞ்ச நாளாக வராமலிருந்த கசுயோ எழுந்து, "மை பேபி டை, சிஸ்டர்" என்றாள். நான் போர்டில் எழுதிக்கொண்டே, "டை இல்லை, டைடு. இறந்தகாலம்" என்று திருத்தினேன்.

"மை பேபி டைடு. தேங்க் யூ, சிஸ்டர்" என்று தலைகுனிந்தாள்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவள் முகத்தைப் பார்க்கவே கூசியது.

இன்று அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் பாஷையிலேயே வெகுநேரம் பேசினாள், அழுதாள். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அவள் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

உன் மகள் இறந்த அன்று நீ போனில் அழுதாய். நான் உன்னை அழவிடாமல் ஜெபம் சொல்ல வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். அவளைப் பற்றி நீ பேசு, நான் கேட்கிறேன்.

உன் அக்கா