விக்கிரவாண்டி தாண்டியதும் சொல்லிவிட்டேன்

செவ்வாய், இரவு.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பேருந்தில், விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும், பக்கத்து சீட்டில் இருந்த கல்லூரிப் பெண்ணுக்கு வலிப்பு வந்தது. "இரும்பு குடுங்க, ஜல்தி!" என்று கத்தினார்கள். ஒருவர் பைக் சாவியை அவள் கையில் திணிக்க வந்தார். தடுத்தேன். அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, என் துப்பட்டாவை மடித்துத் தலைக்குக் கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் நின்றது.

"உனக்கு எப்டிம்மா தெரியும்? நர்ஸு வேலைக்கா படிச்ச?" என்றார் பின் சீட்டில் இருந்த எங்கள் தெரு செல்வி அக்கா.

"எனக்கும் வரும்க்கா. ஆறு வருஷமா மாத்திரை போட்டுக்கினுதான் இருக்கேன்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர்களிடம் அம்மா இதைச் சொல்லவில்லை.

விழுப்புரத்தில் இறங்கும்போது அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். "வூட்ல காலேஜ நிறுத்தச் சொல்றாங்கக்கா. இத வச்சிக்கினு நீ படிச்சியா?"

"எங்க வூட்லயே நான்தான் மொத டிகிரி" என்றேன். என் நம்பரை வாங்கி, மிஸ்டு கால் கொடுத்தாள்.

செல்வி அக்கா முந்திக்கொள்வதற்குள், வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன். திட்டப்போகிறாள் என்று நின்றேன். அம்மா என் போனை எடுத்து என் கையில் கொடுத்தாள். "அந்தப் பொண்ணு பத்திரமா வூடு போய்ச் சேந்துச்சா, கேளு" என்றாள்.